கடவுச்சொல் கடைசியாக மாறியது எப்போது? யூனிக்ஸ் கணினிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. பகலில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பேன். மீதி நேரத்தில் சுற்றியுள்ள செம்பனைத் தோட்ட ஆபிஸ்கள், ஓர் எண்ணெய் ஆலை, ஒரு கூட்டுறவுக் கடை ஆகியவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கணக்குத் தணிக்கை நெருங்கினால் போதும், எல்லா ஆபிஸிலிருந்தும் ஒரே கேள்வி வரும்: "தம்பி, இந்த ஆள் பாஸ்வேர்டை எப்போ மாத்தினாருன்னு பார்த்துச் சொல்லுங்க." ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளையும் போனில் சொல்வதுபோலவே ஒலித்து எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு "கிராணி2" என்ற கணக்கை எடுத்துக்கொள்கிறேன் (கிராணி என்றால் எங்கள் பக்கம் ஆபிஸ் குமாஸ்தா).

லினக்ஸ்தான் (யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளம்) ஓடுகிறது. சட்டென்று பார்க்க என்ன கட்டளை?

சேஜ் -எல் கிராணி2

"சேஜ்" என்பதற்கு எழுத்துக்கூட்டல்: சி, ஹெச், ஏ, ஜி, இ. நடுவில் "என்" கிடையாது. பாதிப் பேர் "சேஞ்ச்" என்று தட்டிவிட்டு, கட்டளையே இல்லை என்கிறது என்று மறுபடி கூப்பிடுகிறார்கள்.

திரையில் ஏழு வரி வரும். முதல் வரி "லாஸ்ட் பாஸ்வேர்ட் சேஞ்ச்", அதற்கு எதிரே ஒரு தேதி. நீங்கள் தேடுவது அதுதான். மற்ற வரிகள் கெடு எப்போது, எத்தனை நாளுக்கு முன் எச்சரிக்கை வரும் என்பதைப் பற்றியவை.

ரூட் (தலைமை நிர்வாகி) அனுமதி இல்லாமல் பார்க்க முடியுமா?

உங்கள் சொந்தக் கணக்கு என்றால் முடியும், சேஜ் -எல் போட்டுப் பின்னால் உங்கள் கணக்குப் பெயரைக் கொடுங்கள். அடுத்தவர் கணக்கைப் பார்க்க ரூட் அனுமதி வேண்டும், அல்லது ரூட் போல ஒரு கட்டளையை ஓட்ட உதவும் சூடோ வேண்டும்.

வேறு ஒருவர் "பாஸ்வேர்ட் கட்டளையிலேயே பார்க்கலாம்" என்றார். அது என்ன?

அதுவும் சரிதான். பாஸ்டபிள்யூடி -எஸ் கிராணி2 என்று கொடுங்கள். பாஸ்டபிள்யூடி என்பது பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. லினக்ஸில் இந்த "எஸ்" பெரிய எழுத்து. ஒரே வரியில் பதில் வரும்: கணக்கின் பெயர், நிலை, தேதி, பிறகு சில எண்கள். நிலை என்ற இடத்தில் டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் "பி" என்றால் கடவுச்சொல் உண்டு, "எல்" என்றால் பூட்டியிருக்கிறது, "என்பி" என்றால் கடவுச்சொல்லே இல்லை. ரெட் ஹாட் வகையில் இதே விஷயம் "பிஎஸ்", "எல்கே", "என்பி" என்று வரும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டெபியன், உபுண்டு பதிப்புகள் தேதியை அமெரிக்க வழக்கத்தில், மாதத்தை முன்னால் போட்டுக் காட்டும். 10/06/2024 என்று வந்தால் நம் ஊரில் யாராக இருந்தாலும் ஜூன் 10 என்றுதான் படிப்பார்கள். அது அக்டோபர் 6. நாள் 12-க்கு மேல் போனால் தவறு தானாகவே தெரிந்துவிடும், அதற்குக் கீழே இருந்தால் தெரியாது. ஒரு தோட்டத்தில் நான்கு மாத வித்தியாசத்தோடு அறிக்கையே போய்விட்டது. புதிய பதிப்புகளில் ஆண்டு முன்னால் வருவதால் இந்தத் தொல்லை இல்லை. எனக்கு சேஜ் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அது மாதத்தை எழுத்தில் காட்டும்.

இந்தத் தேதி உண்மையில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

/ஈடிசி/ஷேடோ என்ற கோப்பில். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி. வரியில் ஒன்பது இடங்கள், இடத்துக்கு இடம் ஒரு முக்காற்புள்ளி. கிராணி2-இன் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கிராணி2:$6$………:20002:0:99999:7:::

முதல் இடம் பெயர். இரண்டாவது கடவுச்சொல்லை உருக்குலைத்து வைத்த நீண்ட சரம் (இங்கே புள்ளிகளாக விட்டிருக்கிறேன். அதை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து எனக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து). மூன்றாவது இடத்தில் இருக்கும் 20002-தான் நமக்கு வேண்டியது. 1970 ஜனவரி 1 முதல் எண்ணினால் எத்தனையாவது நாளில் கடவுச்சொல் மாறியது என்பதை அது சொல்கிறது. நான்காவது, மறுபடி மாற்றக் காத்திருக்க வேண்டிய நாள்கள். ஐந்தாவது, அதிகபட்சம் எத்தனை நாள் செல்லும் என்பது. ஆறாவது, எச்சரிக்கை நாள்கள். அதன் பின் இருப்பவை கணக்கையே முடக்குவது பற்றியவை. ஒன்பதாவது இடம் இன்றுவரை சும்மாதான் கிடக்கிறது.

சேஜ், பாஸ்டபிள்யூடி இரண்டுமே இந்த எண்ணைத்தான் எடுத்துத் தேதியாக்கிக் காட்டுகின்றன. மறைவாக வேறு பதிவேடு எதுவும் இல்லை.

20002 என்பதை எப்படித் தேதியாக்குவது?

லினக்ஸ் என்றால்: டேட் -யூ -டி "1970-01-01 20002 டேஸ்"

அது கிடைக்காத கணினியில் பெரும்பாலும் பெர்ல் என்ற நிரல்மொழி இருக்கும்: பெர்ல் -இ 'பிரிண்ட் ஸ்கேலர் ஜிஎம்டைம்(20002*86400)'. 86400 என்பது ஒரு நாளின் வினாடிகள்.

கிராணிமார்களுக்கு நான் சொல்லும் வழி வேறு, எக்செல். எண்ணோடு 25569-ஐக் கூட்டி அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் ஆயிற்று. எக்செல் 1900-இலிருந்து நாள் எண்ணுகிறது, அதன் கணக்கில் 1970 ஜனவரி 1 என்பது 25569. ஆக 20002-உடன் கூட்டினால் 45571, அதாவது 2024 அக்டோபர் 6.

கட்டளையும் வேண்டாம் எக்செலும் வேண்டாம் என்றால் ஒரே ஒரு எண்ணை மனதில் வையுங்கள். 20000 என்பது 2024 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. அங்கிருந்து முன்னே பின்னே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

நான் திங்கட்கிழமை மாற்றினேன். கணினி ஞாயிற்றுக்கிழமை என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாருமே இல்லை. இந்தப் பக்கம் முழுவதையும் எழுத வைத்ததே இந்தக் கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டத்து நாள் சீக்கிரம் விடியும். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆள்கள் காட்டுக்குள் போன கையோடு ஆபிஸ் திறந்துவிடும். ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் கிராணி அக்கா ஒருவர் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கணினியைத் திறந்திருக்கிறார். கடவுச்சொல் கெடு முடிந்தது என்று அது சொல்ல, அங்கேயே மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். சில மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் சேஜ் போட்டுப் பார்த்தார். தேதி ஞாயிற்றுக்கிழமை. "ஆபிஸ் பூட்டியிருந்த நாளில் உள்ளே வந்து பாஸ்வேர்டை மாற்றியது யார்?" என்று கேட்டு, சாவி யாரிடம் இருந்தது, ஜாகா (காவலாளி) அன்று எங்கே நின்றார் என்று விசாரணை போனது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அந்த மூன்றாவது இடத்தில் எழுதப்படும் நாள் மலேசிய நாள் இல்லை, கிரீன்விச் நாள், அதாவது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி. கணினி 1970-இலிருந்து ஓடிய வினாடிகளை 86400-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, வந்த எண்ணை எழுதி வைக்கிறது. உள்ளூர் நேரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நாம் யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே திங்கள் காலை 6:45 என்றால் அங்கே ஞாயிறு இரவு 10:45. ஆகவே நம் ஊரில் காலை எட்டு மணிக்குமுன் மாற்றிய எந்தக் கடவுச்சொல்லும் முந்தைய நாள் தேதியில்தான் பதிவாகும்.

ஒன்பது மணிக்குத் திறக்கும் டவுன் ஆபிஸ்களில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. தோட்டத்திலும் ஆலையிலும் காலை ஷிப்ட்காரர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். கணினியின் நேர மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று சரியாக வைத்திருந்தாலும் இது மாறாது. அதனால் அமைப்பில் கோளாறு என்று நினைத்து எதையும் நோண்டாதீர்கள்.

நேர மண்டலம் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை. நம் ஊர்க் கணினியில் டேட் -டி @0 என்று தட்டிப் பாருங்கள், யூனிக்ஸ் காலத்தின் முதல் வினாடியைக் காட்டும். எட்டு மணி என்று வர வேண்டுமே, 1970 ஜனவரி 1 காலை 7:30 என்றுதான் வரும். தீபகற்ப மலேசியா அப்போது ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 பிறந்தபோதுதான் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்து எட்டாக்கினார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

நாள் போதாது, மணி நிமிடம் வேண்டும்.

ஷேடோ கோப்பில் அது கிடையாது. நாளோடு சரி. மணி வேண்டுமானால் பதிவுக் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும். டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட் ஹாட் வகையில் /வார்/லாக்/செக்யூர். கிரெப் கட்டளையால் "பாஸ்வேர்ட் சேஞ்ச்டு ஃபார்" என்ற தொடரைத் தேடுங்கள். இப்படி ஒரு வரி கிடைக்கும்:

அக் 7 06:45:12 எடைமேடை பாஸ்டபிள்யூடி[2114]: பேம்_யூனிக்ஸ்(…): பாஸ்வேர்ட் சேஞ்ச்டு ஃபார் கிராணி2

எடைமேடை என்பது கணினியின் பெயர். இங்கே எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் உள்ளூர் நேரம். கிராணி அக்காவைக் காப்பாற்றியது இப்படி ஒரு வரிதான். பழைய பதிவுக் கோப்பைத் தோண்டி எடுத்துக் காட்டியதும் பேச்சு நின்றது.

ஆனால் இதற்கு ஆயுசு குறைவு. வாரத்துக்கு ஒரு முறை கோப்பைச் சுழற்றி, நான்கு வாரத்துக்குமேல் பழையதை அழித்துவிடுவதுதான் வழக்கமான அமைப்பு. அக்காவின் விஷயத்தில் நான் மாதா மாதம் பேக்கப் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். சுருக்கி வைத்த பழைய கோப்புகளில் தேட கிரெப்புக்கு முன்னால் "இசட்" சேர்த்து இசட்கிரெப் என்று கொடுங்கள். கோப்பு எழுதாமல் ஜர்னல் என்ற கணினிப் பதிவேட்டில் மட்டும் வைத்திருக்கும் கணினியில் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேட வேண்டும்.

யார் மாற்றியது என்று தெரியுமா? அவரேயா, ரூட்டா?

ஷேடோ கோப்பு அதைச் சொல்லாது. பதிவுக் கோப்பில் அதே நேரத்தை ஒட்டி சூடோ வரி ஒன்று இருந்தால், எந்தக் கணக்கிலிருந்து பாஸ்டபிள்யூடி கட்டளை ஓடியது என்பது அதில் இருக்கும். சூடோ வரி இல்லாமல் நேராக ரூட்டாக நுழைந்து மாற்றியிருந்தால் ஊகம்தான் மிச்சம்.

ஆடிட்டி என்ற தணிக்கைப் பதிவுச் சேவை ஓடும் கணினி என்றால் நிலைமை நல்லது. ஏயூசெர்ச் -எம் யூசர்_சிஎச்ஏயூடிஎச்டிஓகே (இந்தப் பெயர் முழுதும் பெரிய எழுத்து) என்று கேட்டால், கடவுச்சொல் தொடர்பான நிகழ்வுகள் மட்டும் வரும். ஒவ்வொன்றிலும் "ஏயூஐடி" என்ற ஓர் எண் இருக்கும். முதலில் யாராக உள்ளே நுழைந்தாரோ அவருடைய எண் அது. நடுவில் சூடோ போட்டு ரூட்டாக மாறினாலும் அந்த எண் மாறாது.

தேதிக்குப் பதில் "பாஸ்வேர்ட் மஸ்ட் பி சேஞ்ச்டு" என்று வருகிறதே?

மூன்றாவது இடத்தில் 0 இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை நுழையும்போது மாற்றியே ஆக வேண்டும் என்று நிர்வாகி வைத்திருக்கிறார். பாஸ்டபிள்யூடி -இ கட்டளையும், சேஜ் -டி 0-வும் இதைத்தான் செய்கின்றன. பழைய தேதி அந்த நொடியிலேயே அழிந்துவிடும். அவசரமாக அது வேண்டுமென்றால் /ஈடிசி/ஷேடோ- என்று கடைசியில் ஒரு கோடு போட்ட கோப்பைப் பாருங்கள். ஷேடோவை மாற்றும் கட்டளைகள் பல, மாற்றுவதற்கு முன் இருந்த நகலை அங்கே விட்டுவைக்கும். ஒரே ஒரு தலைமுறைதான், அடுத்த மாற்றம் வந்தால் அதுவும் போச்சு.

"நெவர்" என்று வந்தால் அந்த இடம் காலியாக இருக்கிறது, கெடு கணக்கே நடக்கவில்லை என்று அர்த்தம். ஒருபோதும் மாற்றவில்லை என்று அதைப் படிக்காதீர்கள்.

எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் வேண்டும்.

கட் -டி: -எஃப்1,3 /ஈடிசி/ஷேடோ

முதல் இடமும் மூன்றாவது இடமும் மட்டும் வரிவரியாக வரும். எக்செலில் ஒட்டி 25569-ஐக் கூட்டுங்கள். பாஸ்டபிள்யூடி -எஸ் -ஏ (எஸ் பெரியது, ஏ சிறியது) டெபியன் வகையில் இதே வேலையைச் செய்யும். பட்டியலில் டீமன், பின், மெயில் என்று மனிதர் அல்லாத கணக்குகளும் வரும். அவற்றுக்கெல்லாம் ஒரே தேதி இருந்தால் அது அந்த லினக்ஸை நிறுவிய நாள், அல்லது நிறுவும் வட்டைத் தயாரித்த நாள். அவற்றுக்கு ஏன் மாற்றவில்லை என்று கேட்டு வரும் தணிக்கையாளருக்கு, அவை பூட்டிய கணக்குகள் என்பதை நிலை இடத்தைக் காட்டி விளக்குங்கள்.

ஷேடோ கோப்பின் தேதியைப் பார்த்தாலே போதாதா?

போதாது. எல்எஸ் -எல் காட்டும் தேதி, அந்தக் கோப்பில் யாருடைய வரியாவது கடைசியாக மாறிய நேரம். புதுக் கணக்கு ஒன்று சேர்த்தாலும் அது மாறும். /ஈடிசி/செக்யூரிட்டி/ஓபாஸ்டபிள்யூடி என்ற பழைய கடவுச்சொல் கோப்பிலும் தேடாதீர்கள். பழைய சரங்கள் அங்கே இருக்கும், தேதி இருக்காது.

அந்தத் தேதியை எந்த அளவு நம்பலாம்?

மாற்ற நினைப்பவர் கையில் ரூட் இருந்தால், நம்ப முடியாது. சேஜ் -டி 2024-10-06 கிராணி2 என்று தட்டினால் கடவுச்சொல்லைத் தொடாமலேயே தேதி மட்டும் மாறிவிடும். மாறாக, விஐபிடபிள்யூ -எஸ் கட்டளையால் ஷேடோவைத் திறந்து இரண்டாவது இடத்தில் வேறு சரத்தை ஒட்டினால் கடவுச்சொல் மாறும், தேதி அப்படியே கிடக்கும். பழைய பேக்கப்பிலிருந்து ஷேடோவைத் திரும்ப வைத்தால் தேதிகளும் பின்னோக்கிப் போய்விடும்.

கெட்ட எண்ணமே இல்லாமலும் கெடும். பேராக் பக்கம் மதியம் இடி இடிக்காத மாதம் எது? ஒரு மின்னலுக்குக் கரண்ட் போகும், திரும்ப வரும், தாய்ப்பலகையில் இருக்கும் நாணய அளவு பேட்டரி செத்திருந்தால் கணினி எந்த வருடம் என்பதையே மறந்து எழுந்திருக்கும். இணையத்தில் நேரத்தைச் சரிசெய்வதற்கு முன் யாராவது கடவுச்சொல்லை மாற்றினால் அந்த மறதித் தேதிதான் பதிவாகும். லாரி எடை போடும் இடத்தில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பை 5-க்கு முந்திய பலகைகளில் அணைத்தாலும் ஓடும் கடிகாரமே கிடையாது. கடிகாரம் முன்னால் ஓடியிருந்தால் எதிர்காலத் தேதி பதிவாகி, "பாஸ்வேர்ட் சேஞ்ச்டு இன் ஃபியூச்சர்" என்று பதிவுக் கோப்பில் முனகல் வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் இருபது வெள்ளியைத் தாண்டாத அந்த பேட்டரியை மாற்றுங்கள், விசாரணை அப்புறம்.

ஒருவர் கடவுச்சொல்லே போடாமல் எஸ்எஸ்ஹெச் சாவியால் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ஒரு கோப்பு) நுழைகிறார். அவருக்கு?

கடவுச்சொல்லுக்குக் கெடு வைக்காதவரை, அவருடைய கடவுச்சொல் தேதிக்கும் அவர் நுழைவதற்கும் தொடர்பில்லை. ஐந்து வருடம் பழைய தேதிகூட வரலாம். சாவிக் கோப்பின் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

சேஜ் "அப்படி ஒரு பயனர் இல்லை" என்கிறது. ஆனால் அவர் தினமும் நுழைகிறார்!

அவர் கணக்கு அந்தக் கணினியில் இல்லை, வேறு சர்வரில் இருக்கிறது. தலைமையகத்தோடு இணைந்த தோட்டங்களில் இது சகஜம்.

எல்டாப் (பல கணினிகளுக்குப் பொதுவான கணக்குப் பட்டியல்) சர்வர் என்றால் இரண்டு இடங்களில் இருக்கலாம். "ஷேடோலாஸ்ட்சேஞ்ச்" என்ற பண்பு பழைய பாணியிலேயே நாள் எண்ணாக இருக்கும். கடவுச்சொல் கொள்கைத் துணைப்பகுதி பொருத்திய ஓப்பன்எல்டாப்பில் "பிடபிள்யூடிசேஞ்ச்டுடைம்" என்று மணி, நிமிடம், வினாடியோடு கிடைக்கும். அதுவும் யூடிசி நேரம்தான், கடைசியில் "இசட்" எழுத்து இருக்கும். சும்மா தேடினால் இது வராது. பண்பின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது கடைசியில் ஒரு + போட வேண்டும்.

கெர்பெராஸ் (நுழைபவரைச் சரிபார்க்கும் பொதுச் சர்வர் முறை) என்றால் கேஅட்மின் உள்ளே கெட்பிரின்க் கிராணி2 என்று கேளுங்கள், "லாஸ்ட் பாஸ்வேர்ட் சேஞ்ச்" வரியில் நேரத்தோடு வரும்.

மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரி என்றால் "பிடபிள்யூடிலாஸ்ட்செட்" என்ற பண்பு. அதன் எண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். 1601 ஜனவரி 1 முதல், ஒரு வினாடியைக் கோடிப் பங்காக்கி எண்ணுகிறார்கள். அந்த எண்ணை 10000000-ஆல் வகுத்து 11644473600-ஐக் கழித்தால் யூனிக்ஸ் வினாடி கிடைக்கும். சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் மென்பொருள்) தன் சொந்தக் கணக்குப் பட்டியலை வைத்திருந்தால் பிடிபிஎடிட் -எல் -வி (எல் பெரியது) "பாஸ்வேர்ட் லாஸ்ட் செட்" என்று நேராகவே சொல்லிவிடும்.

ஆலையில் பழைய சோலாரிஸ் (இன்னொரு யூனிக்ஸ்) ஒன்று கிடக்கிறது.

அங்கே பாஸ்டபிள்யூடி -எஸ், இந்த எஸ் சிற்றெழுத்து. தேதி மாதம்/நாள்/ஆண்டு என்று வரும், மேலே சொன்ன கண்ணி இங்கும் உண்டு. கெடு எதுவும் வைக்காத கணக்குக்குப் பெயரும் நிலையும் மட்டுமே காட்டும். அப்போது ஷேடோவின் மூன்றாவது இடத்தை நேராகப் பாருங்கள், எண் அங்கே இருக்கும். அங்குள்ள பழைய டேட் கட்டளைக்கு -டி தெரியாது, பெர்ல்தான் வழி.

ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்)?

எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது நாளாகச் சுருக்காமல் வினாடியாகவே வைத்திருக்கிறது. /ஈடிசி/செக்யூரிட்டி/பாஸ்டபிள்யூடி என்ற கோப்பில் ஒவ்வொரு கணக்கின் கீழும் "லாஸ்ட்அப்டேட்" என்று ஒரு வரி. பிடபிள்யூடிஅட்மின் -கியூ கிராணி2 என்றாலும் அதே எண் வரும். கிராணி அக்காவின் கணினி ஏஐஎக்ஸாக இருந்து, அவர் 6:40-க்கு மாற்றியிருந்தால் 1728254400 என்று இருந்திருக்கும். எக்செலில் அதை 86400-ஆல் வகுத்து, 25569-ஐயும் எட்டு மணி நேரத்துக்காக 8/24-ஐயும் கூட்டினால் திங்கள் காலை 6:40 என்று பளிச்சென்று வரும். சாவி, ஜாகா என்று ஒரு விசாரணையும் நடந்திருக்காது.

அதே கோப்பில் "ஃப்ளாக்ஸ்" வரியில் "ஏடிஎம்சிஹெச்ஜி" என்று இருந்தால் கடைசியாக மாற்றியவர் நிர்வாகி, பயனர் இன்னும் தன் சொந்தக் கடவுச்சொல்லை வைக்கவில்லை.

ஹெச்பி-யூஎக்ஸ் (ஹெச்பியின் யூனிக்ஸ்)?

நம்பகப் பயன்முறை என்ற அமைப்பில் ஓடினால், /டிசிபி/ஃபைல்ஸ்/ஆத் அடியில் கணக்குப் பெயரின் முதல் எழுத்தில் ஓர் அடைவு, அதற்குள் கணக்கின் பெயரில் ஒரு கோப்பு. அதில் "யூ_எஸ்யூசிசிஹெச்ஜி#" என்பதற்குப் பின்னால் வருவது வினாடி எண். அந்தப் பயன்முறை இல்லாத கணினியில் பாஸ்டபிள்யூடி -எஸ்.

மிகப் பழைய கணினியில் கடவுச்சொல் சரத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் சில எழுத்துகளும் இருக்கின்றன. அது என்ன?

ஷேடோ கோப்பு வருவதற்கு முந்தைய, சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸின் வழக்கம். காற்புள்ளிக்குப் பின் முதல் எழுத்து, அதிகபட்சம் எத்தனை வாரம் என்பது. இரண்டாவது குறைந்தபட்ச வாரம். மீதி எழுத்துகள் 1970-இலிருந்து எத்தனையாவது வாரத்தில் மாற்றினார்கள் என்பது. 64 குறிகளை வைத்து எண்ணும் முறை: புள்ளி என்றால் 0, சாய்கோடு 1, பிறகு இலக்கங்கள், பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள். சிறிய இலக்கம் முன்னால் வரும். நாள்கூடக் கிடையாது, வாரக் கணக்குதான். நான் இதை ஒரே ஒரு கணினியில் பார்த்திருக்கிறேன், அதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி (இன்னொரு யூனிக்ஸ் வகை)?

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். /ஈடிசி/மாஸ்டர்.பாஸ்டபிள்யூடி கோப்பின் ஆறாவது இடத்துக்கு "சேஞ்ச்" என்று பெயர், வினாடி எண்ணும் இருக்கும். ஆனால் அது கடைசியாக மாற்றிய நேரம் அல்ல, அடுத்து எப்போது மாற்றியாக வேண்டும் என்ற கெடு. கெடு இல்லையென்றால் 0. கடைசித் தேதியை அது எங்கும் எழுதி வைப்பதில்லை. லாகின்.கான்ஃப் கோப்பில் "பாஸ்வேர்ட்டைம்" என்று கால அளவு வைத்திருந்தால், கெடுவிலிருந்து அந்த அளவைக் கழித்து ஒருவாறு கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் பதிவுக் கோப்புதான் கதி.

அச்சகத்தில் மேக் வைத்திருக்கிறோம்.

சூடோ டிஎஸ்சிஎல் . -ரீட் /யூசர்ஸ்/கிராணி2 அக்கவுண்ட்பாலிசிடேட்டா. நடுவில் இருக்கும் புள்ளி அவசியம். "யூசர்ஸ்" என்பதில் யூ பெரிய எழுத்து, கடைசிச் சொல்லில் பாலிசி, டேட்டா இரண்டின் முதல் எழுத்தும் பெரியவை. வரும் குப்பைக்குள் "பாஸ்வேர்ட்லாஸ்ட்செட்டைம்" என்பதன் கீழே தசமப் புள்ளியோடு வினாடி இருக்கும்.

மாதா மாதம் எல்லாரையும் மாற்றச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியே, காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கசிந்ததற்கான ஆதாரம் இருந்தால் மாற்ற வைத்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து அனுபவமும் அதுதான்: மாதா மாதம் மாற்றச் சொன்னால் "செம்பனை1", "செம்பனை2" என்று எண்தான் கூடுகிறது, அது மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் எழுதி வைக்கப்படுகிறது. ஆனால் உங்கள் தலைமையகம் தொண்ணூறு நாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், நான் சொன்னேன் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, தணிக்கையாளருக்கு எழுத்தில் என்ன கொடுப்பது?

ஷேடோ எண்ணை மட்டும் வைத்துத் தேதி சொல்லும்போது நான் இப்படி எழுதுகிறேன்: "கிராணி2 கணக்கின் கடவுச்சொல் 20002-ஆம் யூடிசி நாளில் மாற்றப்பட்டதாகப் பதிவு. மலேசிய நேரப்படி 2024 அக்டோபர் 6 ஞாயிறு காலை 8:00 முதல் அக்டோபர் 7 திங்கள் காலை 7:59 வரை." பதிவுக் கோப்பில் வரி கிடைத்தால் அதையும் கீழே ஒட்டி, எந்தக் கணினியிலிருந்து எடுத்தது என்று குறித்துவிடுகிறேன். கிராணி அக்கா இதை ஒரு பிரதி எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.